குளிப்பாட்டப் போன வீட்டில் என் இருமல்

“வீட்டுல கைக்குழந்தை யாராவது இருக்காங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லீங்க” என்றேன்.

பொய் இல்லை. சாந்தோமில் என் ஒற்றை அறையில் நான் மட்டும்தான். ஆனால் உண்மையும் இல்லை. அன்றைக்குக் காலை ஏழரை மணிக்குத்தான் முப்பத்தெட்டு நாள் குழந்தை ஒன்றைக் குளிப்பாட்டி, துடைத்து, துணியில் சுற்றி, அதன் தாயிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆறு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சில பேர் விசாரித்தீர்களாம். பத்திரிகை ஆபீஸில் சொன்னார்கள். என்ன சொல்வது... எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் இதை எழுதாமல் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் பேனா நகர மாட்டேன் என்கிறது.

என் தொழில் வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன் – பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது. நாற்பது வருஷமாக அதுதான். எண்ணெய் தேய்த்து, கை காலை நீவி விட்டு, பயத்தமாவு பூசி, ரெண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்காலின் மேல் பிள்ளையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றுவேன். கடைசியில் மூக்கை ஊதி விடுவேன். பிள்ளையின் மூக்கில் வாயை வைத்து மெதுவாக ஒரு ஊது. அப்புறம் ரெண்டு காதிலும் ஒவ்வொரு ஊது. உள்ளே போன தண்ணீர், சளி எல்லாம் வெளியே வந்துவிடும் என்று கணக்கு. அதற்குப் பிறகு சாம்பிராணிப் புகை. பிள்ளை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும்.

“சகாயம் ஊதினா சளி அண்டாது” என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சே உண்டு. அதைக் கேட்டால் எனக்கு முகம் சிவந்துவிடும். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான். எத்தனை மூக்கை ஊதியிருப்பேன்? எனக்கே தெரியாது.

இந்தக் குழந்தை பிரின்ஸியுடையது. பிரின்ஸி பள்ளிக்கூட டீச்சர். கட்டிக்கொடுத்தது கே.கே. நகரில். முதல் பிரசவத்துக்குச் சாந்தோமில் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அம்மா ரெஜினா. கோயிலில் பாடகர் குழுவில் இருக்கிற அம்மாள். நல்ல குரல், நல்ல அதட்டலும். பிரின்ஸி பிறந்தபோது அவளையும் நான்தான் குளிப்பாட்டினேன். அதனால் அந்த வீட்டில் எனக்குக் கொஞ்சம் உரிமை ஜாஸ்தி.

குளிப்பாட்டப் போன முதல் நாளே பிரின்ஸி கேட்டாள். “ஆன்ட்டி, மாஸ்க் போட்டுக்கிறீங்களா? இப்பல்லாம் குழந்தையைத் தூக்குறவங்க எல்லாரும் போடறாங்க.”

“மாஸ்க் போட்டுக்கிட்டு எப்படிம்மா ஊதறது?” என்றேன்.

ரெஜினா சிரித்துவிட்டார். “உன்னையே வெறும் வாயாலதான்டி ஊதுனா. உனக்கு என்ன ஆயிடுச்சு?” பிரின்ஸி அதோடு விட்டுவிட்டாள்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து எனக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி. நாலு தும்மல், கொஞ்சம் மூக்கு ஒழுகல், லேசாக இருமல். சுக்கு வெந்நீர் குடித்தேன். போகிற வழியெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அந்தத் தூசி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் மூக்கு சரியாகிவிட்டது. இருமல் மட்டும் போகவில்லை. போகாதது மட்டுமில்லை, அதன் குணமே மாறிவிட்டது.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். படுத்தியது என்னை, அதனால் எனக்குத்தான் தெரியும். ஒரே மூச்சில் பத்து, பதினைந்து இருமல். நடுவில் மூச்சை இழுக்க இடமே கொடுக்காது. நெஞ்சில் இருக்கிற காற்று மொத்தமும் வெளியே போய்விடும். கண்ணில் தண்ணீர் கொட்டும். கடைசியில் உயிரைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு, தொண்டையில் ஊ...ப் என்று ஒரு சத்தம். சில நேரம் சாப்பிட்டது அப்படியே வெளியே வந்துவிடும். அது முடிந்ததா? ஐந்து நிமிஷத்தில் ஆள் கல்லு மாதிரி இருப்பேன். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. பக்கத்தில் இருக்கிறவர் பார்த்தால் நம்பவே மாட்டார். அதில்தான் ஏமாந்தேன்.

ரெஜினா வீட்டில் நான் இருமவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருகிற மாதிரி இருந்தால் “ஒரு நிமிஷம் பிடிங்க” என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கிட்டே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வேன். முடிந்ததும் வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன். உட்கார்ந்து... மூக்கை ஊதுவேன்.

ஆமாம். ஊதினேன். ஒரு நாள் தவறாமல்.

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்றா? அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரியது, நாலு பேர் என்னைப் பார்த்து “ஐயோ, உங்களுக்கு என்ன?” என்று கேட்பது எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிப் போனால்கூட “நிறுத்துங்க” என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிற ஜாதி நான்.

கடைசியில் என்னை டாக்டரிடம் துரத்தியது பக்கத்து வீட்டு லூர்து. மீன் விற்கிறவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

“இன்னா சகாயக்கா, ராவுல இன்னா இருமு இருமிக்கினு கீற. செவுத்துக்கு இந்தாண்ட எனக்குத் தூக்கமே வர்ல.”

“தூசிடி.”

“தூசியா? தூசிக்கு யாராவது வாந்தி எடுப்பாங்களா? ஒய்ங்கா டாக்டராண்ட போ. இல்லாங்காட்டி நானே ஆட்டோல தூக்கிப் போட்டுக்கினு போவேன்.”

அவள் செய்யக்கூடியவள். அதற்குப் பயந்தே போனேன்.

ராயப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். ‘எத்தனை நாள்’ என்றார். பதினெட்டு நாள் என்றேன். ‘இருமி முடிஞ்சதும் இழுக்குதா, வாந்தி வருதா’ என்றார். ரெண்டுக்கும் தலையாட்டினேன். கொரோனா காலத்தில் விட்டார்களே, அதே நீளக் குச்சியை மூக்கில் விட்டு எடுத்தார். பரிசோதனைக்கு அனுப்பணும், ஆனா எனக்கு என்னமோ கக்குவான் இருமல் மாதிரி இருக்கு என்றார்.

கக்குவானா? எனக்குச் சிரிப்பு வந்தது. அது சின்னப் பிள்ளைகள் சீக்கு இல்லையா? எங்கள் காலத்தோடு ஒழிந்துபோனது இல்லையா?

“ஒழியலம்மா. சின்ன வயசுல போட்ட ஊசியோட பலம் வருஷம் போகப் போகக் குறைஞ்சிடும். உங்களுக்கு ஊசியே போட்டிருக்க மாட்டாங்க. பெரியவங்களுக்கு வந்தா வெறும் நீண்ட இருமல்னு நினைச்சு நடமாடிக்கிட்டே இருப்பாங்க. உங்களுக்கு உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பச்சைக் குழந்தைக்குப் போச்சுன்னா...” என்று நிறுத்திவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று.

நான் சொன்ன பதில்தான் உங்களுக்குத் தெரியுமே.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படியில் இறங்கி, செருப்பும் போட்டாகிவிட்டது. எதிரில் ஜூஸ் கடை. ஒருவர் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளையின் மூக்கு இவ்வளவுதான் இருக்கும், ஒரு கொண்டைக்கடலை அளவு. அதில்தானே இன்றைக்குக் காலையில் வாயை வைத்தேன்?

திரும்பி மாடி ஏறினேன். டாக்டர் அறையில் அடுத்த ஆள் உட்கார்ந்திருந்தார். வாசலில் இருந்த பெண் “டோக்கன் முடிஞ்சுதேம்மா” என்றாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் வாழ்க்கையில் ஒரு கதவைத் தட்டாமல் தள்ளியது அதுதான் முதல் தடவை.

“டாக்டரம்மா... வீட்ல இல்லீங்க. ஆனா நான் குழந்தை குளிப்பாட்டுறவங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். உட்கார்ந்திருந்தவரிடம் “ஒரு அஞ்சு நிமிஷம் சார்” என்றார்.

“எத்தனை வீடு?”

“இப்ப ஒண்ணுதாங்க.”

“குழந்தைக்கு எத்தனை நாள்?”

“முப்பத்தெட்டு.”

“கடைசியா எப்பக் குளிப்பாட்டினீங்க?”

“இன்னிக்குக் காலைல.”

“மாஸ்க்?”

“மூக்கு ஊதணுங்களே...”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். ஒன்றரை மாதத்தில்தான் முதல் ஊசி. அதற்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று விரலை மடக்கி எண்ணியவர், “போன் பண்ணுங்க. இப்பவே. நேர்ல போகாதீங்க” என்றார்.

“நீங்களே சொல்லிடுங்களேன்...”

“நீங்க பேசுங்கம்மா. உங்களைத்தான் அவங்களுக்குத் தெரியும். கேட்டா நான் பேசறேன்.”

ரெஜினாதான் எடுத்தார். நான் எப்படிச் சொன்னேன், எந்த வார்த்தையில் ஆரம்பித்தேன், ஒன்றும் நினைவில் இல்லை. அவர் பேசியது மட்டும் ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது.

“உனக்கு எத்தனை நாளா இருமல்?”

“பதினெட்டு நாளாங்க.”

“பதினெட்டு நாளா இருமிக்கிட்டே எம் பேரன் மூக்குல வாயை வெச்சியா, சகாயம்?”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் பின்னால் பிரின்ஸியின் குரல் கேட்டது. “அம்மா, போனைக் குடு. ஆன்ட்டி, என்னாச்சு? இவன் நேத்துலேர்ந்து தும்மிக்கிட்டு இருக்கான். பால் குடிக்க ஆரம்பிச்சா பாதியில விட்டுடறான்...”

டாக்டர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். ரொம்ப அமைதியாகப் பேசினார். பயப்படாதீங்க, ஆனா இன்னிக்கே குழந்தைகள் டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க, சாயந்திரம்னு வெச்சுக்காதீங்க, இப்பவே. முகம் நீலம் பாரிக்குதா, மூச்சு நின்னு நின்னு வருதான்னு பாத்துக்கிட்டே போங்க. கக்குவான் இருக்கிறவங்க கைபட்ட குழந்தைன்னு போனதும் முதல் வார்த்தையா சொல்லுங்க. அதைச் சொன்னாத்தான் அவங்க சீக்கிரம் கண்டுபிடிப்பாங்க.

அப்புறம் எனக்கு ஐந்து நாள் மாத்திரை. அந்த ஐந்து நாளும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, கோயிலுக்கும் கூடாது. அதற்குப் பிறகு கிருமி பரவாது. ஆனால் இருமல் மட்டும் வாரக்கணக்கில் இருக்கும் என்றார். எனக்குப் புரியவில்லை. கிருமி போய்விட்டால் இருமல் ஏன் இருக்க வேண்டும்?

அவர் சொன்னதை இன்னும் நினைத்து நினைத்து ஆச்சரியப்படுகிறேன். நம் மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கிறதாம். வாசல் பெருக்குகிற மாதிரி ராத்திரி பகல் அது சளியையும் தூசியையும் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்குமாம். இந்தக் கிருமி அந்த முடிமேல்தான் போய் ஒட்டுகிறது. அதை அசையவிடாமல் செய்து, அழித்தும்விடுகிறது. பெருக்க ஆள் இல்லாத வீட்டில் குப்பை சேருகிற மாதிரி சளி சேர்கிறது. அதை வெளியே தள்ள உடம்புக்கு மிஞ்சியிருக்கிற ஒரே வழி இருமல். மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் அந்த முடி திரும்ப முளைக்கிற வரைக்கும் இருமித்தான் ஆகணும். சில ஊர்களில் இதற்கு நூறு நாள் இருமல் என்றே பெயராம்.

எழுபது வயதுக்கு மேல் ஆகிறது எனக்கு. இத்தனை வருஷம் எனக்குள் ஒருத்தி உட்கார்ந்து பெருக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள்கூட எனக்குத் தெரியாது.

அந்த ஐந்து நாளை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். லூர்து வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று கத்துவாள். “துண்ணியா இல்லியா? துண்ணாதான் இருமறதுக்குத் தெம்பு வரும்.” ரெஜினா போன் செய்யவில்லை. பிரின்ஸி மட்டும் ரெண்டாம் நாள் வாட்ஸப்பில் குரல் அனுப்பினாள். “டெஸ்ட்ல அதேதான் வந்திருக்கு ஆன்ட்டி. அட்மிட் பண்ணியிருக்காங்க. எங்களுக்கும் எல்லாருக்கும் மாத்திரை குடுத்திருக்காங்க.” அவ்வளவுதான். அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கோபம் இல்லை. களைப்பு இருந்தது. அதற்குக் கோபமே பரவாயில்லை.

ஆறாம் நாள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை பதினொரு மணி. உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

பார்த்தேன். கூடவே பார்க்கக் கூடாததையும் பார்த்தேன்.

பையன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். காலில் ஒரு வயர், பக்கத்தில் எண் ஓடுகிற ஒரு பெட்டி. திடீரென்று முகம் சிவந்தது. வாய் திறந்தது. இருமல் சத்தம் கேட்குமா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. சின்ன உடம்பு வில்லாக வளைந்தது. அப்புறம் அந்த அசைவும் நின்றுவிட்டது. எல்லாம் நின்றுவிட்டது. சிவப்பு போய் உதட்டைச் சுற்றி ஒரு நீலம்.

பக்கத்தில் இருந்த நர்ஸ் ஓடவில்லை, கத்தவில்லை. பையனைப் பக்கவாட்டில் திருப்பினாள். முதுகை உள்ளங்கையால் தேய்த்தாள். பாதத்தில் விரலால் சுண்டினாள். ஒரு குழாயை மூக்கருகே பிடித்தாள். நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். ‘அருள் நிறைந்த’ என்ற இடத்தைத் தாண்டவில்லை...

வயிறு மேலே வந்தது. ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. அப்புறம் அழுதான்.

எத்தனை பிள்ளைகள் என் காலில் கிடந்து அழுதிருக்கின்றன. வெந்நீர் சூடு என்று, மாவு கண்ணில் பட்டது என்று, பசி என்று. “ஏன்டா கத்துற” என்று அதட்டியிருக்கிறேன். அழுகை என்றால் மூச்சு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த நர்ஸ் வெளியே வந்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். “பாட்டிங்களா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

“பயந்துட்டீங்களா? மொத ரெண்டு நாள் அடிக்கடி வந்துச்சு. இன்னிக்கு இதான் ஒண்ணே ஒண்ணு. நல்லாயிட்டு வர்றான்.”

“சத்தமே வரலியேம்மா. எனக்கு வந்தப்ப ஊரே கேட்டுச்சே.”

“இந்த வயசுக்கு அந்தச் சத்தம் வராதுங்க. அப்படி இழுக்கறதுக்கே ஒரு தெம்பு வேணும்ல? இவங்களால முடியாது. இருமறதுக்குப் பதிலா மூச்சை நிறுத்திடுவாங்க. அதனாலதான் வீட்ல நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. தூங்குதுன்னு நினைச்சுக்குவாங்க.”

அப்புறம் அவள் சொன்னது... இதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பிரின்ஸிக்கு ஏழாம் மாதம் முடிந்தபோது அவளைப் பார்த்த டாக்டர் கையில் ஒரு ஊசி போட்டாராம். கக்குவானுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. பிரின்ஸி அவளிடம் சொன்னாளாம், ரெஜினா அப்போதே சண்டை பிடித்தாராம். ‘வளையல் அடுக்க வேண்டிய கைல ஊசியா, வயித்துல இருக்குற புள்ளைக்கு எதுக்கு இருமல் ஊசி’ என்று. அந்த ஊசி தாயின் ரத்தத்தில் ஒரு பலத்தை உண்டாக்கி, அந்தப் பலம் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குள் போய், பிள்ளை பிறந்த பிறகும் சில மாதம் அதற்குக் காவல் இருக்குமாம். அதையும் தாண்டி இவனுக்கு வந்துவிட்டது. நான்தான் தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊதிவிட்டேனே. ஆனால் அந்தக் காவல் இல்லாமல் இருந்திருந்தால் இவன் செயற்கை மூச்சில் இருந்திருப்பான், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம் என்றாள். அந்தக் காவலும், ‘கக்குவான் இருக்கிறவர் தொட்ட குழந்தை’ என்று வந்தவுடன் சொன்னதும், இரண்டும்தான் இவனைக் காப்பாற்றின என்றாள்.

கையில் குத்தியது எங்கே, மூச்சு எங்கே? அம்மாவின் தோளில் இறங்கிய ஒரு சொட்டு மருந்து, இன்னும் பெயர்கூட வைக்காத ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அது எப்படி வழி கண்டுபிடித்தது? யாராவது படித்தவர்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புரியாவிட்டாலும் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

கிளம்பலாம் என்று திரும்பினேன். நடைபாதை பெஞ்சில் ரெஜினா.

பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று தோன்றியது. முடியாது. வழியே அவரைத் தாண்டித்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார். எனக்கா அவருக்கா என்று தெரியாமல் நின்றேன்.

“உக்காரு, சகாயம்.”

உட்கார்ந்தேன். ரொம்ப மெதுவாக, கோயிலில் பாடுகிற அதே அம்மாளா என்று சந்தேகப்படுகிற மாதிரிச் சொன்னார்.

“எனக்கும் மூணு வாரமா இருமல்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“பாட்டுப் பயிற்சில தொண்டை கட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். பிரின்ஸிக்குத் தெரிஞ்சா பேரனைத் தூக்க விட மாட்டாளேன்னு... இருமல் வந்தா பாத்ரூம் போயி குழாயைத் திறந்து விட்டுக்குவேன். தண்ணி சத்தத்துல கேக்காது.”

“அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“நேத்து சொன்னேன். தலைல அடிச்சுக்கிட்டா. என் தலைல இல்ல, அவ தலைல.”

எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. ஒரே வீடு. பின்கட்டில் நான் முந்தானையை அடைத்துக்கொண்டு நிற்கிறேன், பாத்ரூமில் இவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். ரெண்டு பேரும் வாயைக் கழுவிக்கொண்டு வந்து ஒரே பிள்ளையைக் கொஞ்சுகிறோம்.

“யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சோ” என்றார் ரெஜினா. “டாக்டரைக் கேட்டேன். அதைக் கண்டுபிடிச்சு இனிமே என்ன ஆகப்போகுதுன்னுட்டாரு.”

உண்மைதான். யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. நான் பாரத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் இருமியதால் நான் ஊதியது இல்லை என்று ஆகிவிடுமா? ஆனால் அந்த மூடி டீயை எனக்குத்தான் கொடுத்தார். குடித்தேன்.

அதற்குள் அவருடைய அதட்டலும் திரும்பி வந்துவிட்டது. “நம்ம காலத்துல கழுதைப் பால் ஒரு சங்கு ஊத்துனா போதும்னு சொல்லுவாங்க. அதான் நர்ஸ் கிட்ட கேட்டேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே... நானே பாலைக் குடிச்ச கழுதைக்குட்டி மாதிரி ஆயிட்டேன்.”

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் அடுப்புப் புகை வராமல் கதவைச் சாத்தினார்கள், சாம்பிராணியை மூட்டை கட்டினார்கள், கொசுவர்த்தியும் நிறுத்தம். பால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுத்தால் இருமலில் வந்துவிடும். வந்துவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி. இருமல் டானிக் எதுவும் ஒரு சொட்டு கிடையாது. பச்சைக் குழந்தைக்கு அது கெடுதல், தேனும் ஒரு வயது வரை கூடாது என்று சொல்லி அனுப்பினார்களாம். மூச்சு நின்றாலோ, நீலம் வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரி. நான் டாக்டர் இல்லை. ஐந்தாவதோடு நின்றவள். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது முழுகாமல் இருந்தால் அந்த ஊசியைப் பற்றியும் கேளுங்கள்.

போன வாரம் பிரின்ஸி போன் செய்தாள்.

“நாளைக்கு வர்றீங்களா ஆன்ட்டி?”

“எனக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு இருமல் வருதேம்மா.”

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். அது பரவாதாம். ஆனா ரெண்டு கண்டிஷன்.”

“மாஸ்க். ஊதக் கூடாது. புகை கூடாது.”

“அது மூணு” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் சிரிப்பு இருந்தது. ஆறு வாரம் கழித்து நான் கேட்ட சிரிப்பு.

போனேன். பையன் கொஞ்சம் இளைத்திருந்தான், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. முதல் ஊசியும் போட்டாகிவிட்டது. காலில் கிடத்தி மாவைத் தேய்த்தபோது விலா எலும்பு என் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது விரிவதும் அடங்குவதும் உள்ளங்கையில் தெரிந்தது. நாற்பது வருஷமாக இதே கைதான், இதே விலாதான். இதற்கு முன்னால் நான் தொட்டதே இல்லை என்று தோன்றியது. தண்ணீரை ஊற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஆறிடப்போகுது, ஊத்து” என்றார் ரெஜினா. அவரும் மாஸ்க். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு.

துடைக்கும்போது மூக்கைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர். பழக்கம் என் உதட்டைக் குவித்தது. துணி நுனியால் ஒற்றி எடுத்தேன். எடுத்ததும் அவனே ஒரு தும்மல் போட்டான், இருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. நாற்பது வருஷமாக நான் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த வேலையை அவன் ஒரு நொடியில் முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். சளியோ இருமலோ இருந்தால், தூசியால் வந்ததென்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வாசலோடு நின்றுவிடுங்கள். ‘இவ்வளவு தூரம் வந்துட்டுப் பிள்ளையைப் பாக்காமப் போறாங்களே’ என்று கோபித்துக்கொள்வார்கள்.

கோபித்துக்கொள்ளட்டும்.